மே மாதம் மிரிஸ்ஸவில் நீலத் திமிங்கிலம் பார்க்க முடியுமா? (அம்மா, 7 வயதுப் பையனுடன்)

வைகைக்கரை கேட்டது:

வணக்கம். கோடை விடுமுறையில் இலங்கை போகலாம் என்று இருக்கிறோம். நான், மனைவி, 64 வயது அம்மா, 7 வயதுப் பையன். பையனுக்கு நீலத் திமிங்கிலம் பார்க்க வேண்டும். பயணத்துக்கு அதுதான் முதல் காரணம், மற்றதெல்லாம் அப்புறம்.

மே இரண்டாம் வாரம் இலங்கைத் தென்கரையில் உள்ள மிரிஸ்ஸ போனால் பார்க்க முடியுமா? இணையத்தில் மே மாதத்துக்கும் டிக்கெட் விற்கிறார்கள். ஆனால் சிலர் சீசன் முடிந்துவிடும் என்கிறார்கள். எது சரி?

அம்மாவுக்கு மூட்டு வலி உண்டு, பஸ்ஸிலேயே குமட்டும். படகில் ஏற்றலாமா? எந்தப் படகு நல்லது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விமான நிலையத்திலிருந்து அங்கே போக எது வசதி? தெரிந்தவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

தென்கரை எழுதியது:

மே இரண்டாம் வாரம் மிரிஸ்ஸ வேண்டாம். டிக்கெட் விற்பது உண்மைதான், ஆனால் கடல் அதற்குக் கட்டுப்படாது. தென்கரையின் பருவம் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. மே பிறந்ததும் தென்மேற்குப் பருவக்காற்று, எங்கள் பேச்சில் சோழகம், நேராக அந்தக் கரையில் வந்து அடிக்கும். அலை உயரும், மழை மறைக்கும், ஒன்றுவிட்டு ஒருநாள் படகு போகாது. போகிற நாளிலும் வெள்ளை நுரைக்கு நடுவே திமிங்கிலத்தின் மூச்சைக் கண்டுபிடிப்பது கஷ்டம். அலை குறைவாக இருந்தால்தான் தூரத்து ஊதல், அதாவது மூச்சோடு மேலே எழும் நீராவி, கண்ணுக்குத் தெரியும்.

இதில் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். மே மாதம் திமிங்கிலங்கள் எல்லாம் துருவத்துக்குப் போய்விடுவதில்லை. இலங்கையைச் சுற்றியிருக்கும் நீலத் திமிங்கிலங்கள் மற்றக் கடல்களில் உள்ளவை போல அண்டார்டிகாவுக்கு வலசை போகாமல் வட இந்தியப் பெருங்கடலிலேயே ஆண்டு முழுக்க வாழ்பவை. வெப்பக்கடலிலேயே இரை தேடிக்கொள்ளும். 2003இல் கடலில் மிதந்த செங்கல் நிறச் சாணத்தைக் கண்டதுதான் இலங்கைக் கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸை இந்தக் கேள்விக்குள் இழுத்தது. சாணம் இருக்கிறதென்றால் இங்கேயே சாப்பிடுகிறது என்றுதானே பொருள். ஆகவே மே மாதத்தில் பிரச்சினை திமிங்கிலம் இல்லாதது அல்ல, மனிதர் போக முடியாதது.

மிரிஸ்ஸவில் ஏன் இவ்வளவு கிட்டப் பார்க்க முடிகிறது என்றால், தீவின் தென்கோடியான தேவேந்திரமுனைப் பக்கம் கண்டத்திட்டு, அதாவது கரையை ஒட்டிய ஆழமற்ற கடலடி, மிக ஒடுங்கியிருக்கிறது. கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே கடல் நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு இறங்கிவிடும். அந்தச் சரிவில்தான் இரை திரளும். அதே சரிவுக்கு மேலாகத்தான் உலகின் மிக நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்றும் போகிறது. படகிலிருந்து பார்த்தால் கொள்கலன் கப்பல்கள் வரிசையாகத் தெரியும். கப்பல் மோதி இறந்த திமிங்கிலங்கள் இந்தக் கடலில் கிடைத்திருக்கின்றன. 2022இலிருந்து எம்எஸ்சி என்ற கப்பல் நிறுவனம் தன் கப்பல்களை ஏறக்குறைய 15 கடல் மைல் தெற்கே தள்ளி ஓட்டுகிறது. மற்ற நிறுவனங்களும் அப்படிச் செய்ய வேண்டும் என்பது என் ஆசை. மேப்பில் கோட்டை நாலு விரல் நகர்த்துகிற காரியம்தான், அதனால் பிழைப்பது எத்தனையோ உயிர்.

விடுமுறையை முன்னே இழுக்க முடிந்தால் ஏப்ரல் மூன்றாம் வாரம் பாருங்கள். மார்ச், ஏப்ரல் நல்ல மாதங்கள். ஆனால் ஏப்ரல் 13, 14 சித்திரைப் புத்தாண்டு. சிங்களவருக்கும் அதே நாள்தான். அந்த இரண்டு மூன்று நாளும் கடை அடைப்பு, படகுக்காரர் வீட்டில், கொழும்பிலிருந்து ஊர் திரும்பும் கூட்டத்தால் பஸ்ஸிலும் ரயிலிலும் கால் வைக்க இடமிராது. 18ஆம் தேதிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரம் பிற்பகலில் இடி மழை வரலாம், காலைக் கடல் பெரும்பாலும் அடங்கியே இருக்கும்.

வழி: மதுரையிலிருந்து கொழும்புக்கு நேரடி விமானம் உண்டு. கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கி வேன் பிடித்தால் விமான நிலைய அதிவேகப் பாதை, கொழும்பு வெளிச்சுற்றுப் பாதை, பிறகு தெற்கு அதிவேகப் பாதை. மூன்றும் ஒன்றோடொன்று இணைந்துவிட்டதால் கொழும்பு நெரிசலுக்குள் போகவே வேண்டாம். கொக்மாதுவவில் அதிவேகப் பாதையை விட்டு இறங்கி வெலிகம வழியாக மிரிஸ்ஸ. மொத்தம் மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ரயில் என்றால் கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து மாத்தறை வண்டி. மிரிஸ்ஸ சின்ன நிலையம், எல்லா வண்டியும் நிற்காது. வெலிகமவில் இறங்கி ஓட்டோ பிடிப்பது நிச்சயம். தெற்கே போகும்போது வலப்பக்க ஜன்னலில் உட்காருங்கள், களுத்துறை தாண்டியும் கடல் கூடவே வரும்.

இன்னொன்று. தேவேந்திரமுனை வரை போய் வாருங்கள், மாத்தறை தாண்டியவுடன் இருக்கிறது. 49 மீட்டர் உயரக் கலங்கரை விளக்கம், 1890இலிருந்து எரிகிறது, தீவின் தென்கோடி. இலங்கையின் ஐந்து பழைய சிவாலயங்களான பஞ்ச ஈச்சரங்களில் ஒன்றான தொண்டேச்சரம் இருந்த இடம் அதுதான், 1588இல் போர்த்துக்கீசர் இடித்தார்கள். காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டின் தமிழ்ப் பகுதி பேசுவது இந்த ஊர்த் தெய்வமான தெனாவரை நாயனாரைத்தான். கல்வெட்டு இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

---

அலைவாய் எழுதியது:

படகு பற்றிய கேள்விக்கு நான் சொல்கிறேன். எல்லோரும் "எந்தப் படகு வேகமானது, எது கிட்டப் போகும்" என்று கேட்கிறார்கள். கேள்வியே தலைகீழ். விலகி நிற்கிற படகில்தான் நன்றாகப் பார்க்கலாம்.

காரணம் இதுதான். நீலத் திமிங்கிலம் மேலே வந்தால் சில நிமிடம் நீர்மட்டத்தில் இருக்கும். பத்து இருபது விநாடிக்கு ஒரு மூச்சு என்று பல மூச்சு விடும். போதுமான மூச்சு வாங்கியதும் முதுகை வளைத்து, பல சமயம் வாலை முழுக்க உயர்த்தி, செங்குத்தாக இறங்கும். பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். படகு பின்னாலேயே விரட்டினால், அல்லது முன்னால் போய்க் குறுக்கே நின்றால், மூச்சை முடிக்காமலே அமிழ்ந்துவிடும். வால் தூக்காது. அடுத்து எங்கே வரும் என்று ஊகிக்கவும் முடியாது. பணம் கொடுத்து வந்தவர்கள் முதுகின் ஒரு கீற்றை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது இதனால்தான்.

இலங்கையில் 2012இல் வந்த கடல் பாலூட்டி ஒழுங்குவிதிகள் திமிங்கிலத்துக்கு 100 மீட்டர், டால்பினுக்கு 50 மீட்டர் தூரம் விதிக்கின்றன. 100 மீட்டர் என்றால் ஒரு கால்பந்து மைதானத்தின் நீளம். 20 மீட்டருக்கு மேல் நீளமான உயிருக்கு அது தூரமே இல்லை. நல்ல படகோட்டி பக்கவாட்டில், திமிங்கிலம் போகும் திசைக்கு இணையாக, அதன் வேகத்தில் போவார். 100 மீட்டர் வந்ததும் எஞ்சினை நியூட்ரலில் போட்டு நிறுத்திவிடுவார். அது கிட்ட வர நினைத்தால் அதுவே வரும்.

முன்பதிவு செய்யும்போது கேட்க வேண்டியவை: ஒரு நாளில் எத்தனை பேரை ஏற்றுகிறீர்கள், படகின் அனுமதி எத்தனை பேருக்கு? காலநிலையால் ரத்தானால் பணம் திரும்ப வருமா? திமிங்கிலம் தென்படாவிட்டால் என்ன? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் வரும் பதில் "இன்னொரு நாள் இலவசமாகக் கூட்டிப்போவோம்" என்பதுதான், பணம் திரும்ப வராது. அதனால் மிரிஸ்ஸவில் ஒரு இரவு மட்டும் தங்கினால் அந்தச் சலுகையால் பயனில்லை. மூன்று இரவு போடுங்கள், முதல் காலையிலேயே கடலுக்குப் போங்கள். படகில் கழிவறை உண்டா, காலை உணவு உள்ளதா, அரசு நுழைவுக் கட்டணம் சேர்ந்ததா, இலங்கையருக்கும் வெளிநாட்டவருக்கும் விலை வேறா, இவற்றையும் கேளுங்கள். கடைசியாக ஒரு கேள்வி: "எவ்வளவு கிட்டப் போவீர்கள்?" "தொடுகிற தூரம்" என்று பெருமையாகச் சொன்னால் அந்த இடத்தை விட்டு நகருங்கள். "100 மீட்டர், அதைவிடக் கிட்ட என்றால் அது தானாக வந்தால்தான்" என்று சொல்பவரிடம் பணம் கொடுங்கள். தண்ணீரில் இறங்கி நீந்த வைப்பதாகச் சொல்பவரிடம் போகவே வேண்டாம், அனுமதியில்லாமல் அது சட்டப்படி தடை.

எதைப் பார்க்கிறோம் என்று பையனுக்கு முன்பே சொல்லிக்கொடுங்கள், பாதி மகிழ்ச்சி அதில்தான். நேராக, ஒல்லியாக, மூன்று மாடி உயரத்துக்கு எழும் ஊதல் நீலத் திமிங்கிலத்துடையது. முன்பக்கமும் இடப்பக்கமும் சாய்ந்து, தாழ்ந்து, புதர் போல விரிந்தால் எண்ணெய்த் திமிங்கிலம். தலையில் நீளவாக்கில் மூன்று மேடு தெரிந்தால் பிரைட்ஸ் என்ற வகைத் திமிங்கிலம். நீலம் மேலே வரும் முன் தண்ணீருக்குள் வெளிர் பச்சை கலந்த நீலத்தில் ஒரு பெரிய திட்டு ஒளிரும். அதைக் கண்டுபிடித்தவன் மற்றவர்களுக்கு முன்பே எங்கே பார்க்க வேண்டும் என்று அறிவான். முதுகு உருண்டு உருண்டு போய்க்கொண்டே இருக்கும், முடியவே முடியாதது போல. முதுகுத் துடுப்பு கடைசியில் குட்டியாகத்தான் வரும். அது வந்துவிட்டால் அடுத்தது வால். அமிழ்ந்த இடத்தில் எண்ணெய் ஊற்றியது போல வழுவழுப்பான வட்டம் ஒன்று தண்ணீரில் நிற்கும். வால் உதைத்த தடம் அது. பையன் அதைத் தேடட்டும்.

---

உப்புக்காற்று எழுதியது:

அம்மாவுக்கும் பையனுக்கும்.

படகு காலை 6, 6:30க்கு மிரிஸ்ஸ மீன்பிடித் துறைமுகத்திலிருந்து கிளம்பும். மூன்று முதல் ஐந்து மணி நேரம் ஆகும், திமிங்கிலம் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து. காலை 10 மணிக்கு மேல் காற்று எழும், திரும்பி வரும் வழிதான் அதிகம் ஆடும். ஆகவே முதல் மணி நேரம் தெம்பாக இருந்தார் என்று நம்பிவிடாதீர்கள்.

குமட்டல் மாத்திரை படகில் ஏறி ஆட்டம் தொடங்கிய பிறகு போட்டால் வேலை செய்யாது. வயிறு அப்போதே வேலையை நிறுத்திவிடும், மாத்திரை உள்ளேயே கிடக்கும் அல்லது வெளியே வந்துவிடும். கிளம்புவதற்கு ஒன்று, இரண்டு மணி நேரம் முன்பே போட வேண்டும். 6:30 படகுக்கு 4:30க்கு எழுப்பி, 5 மணிக்கு மாத்திரை. எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்பதை ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். நம்மூர்க் கடைகளில் கிடைக்கும் அவோமின், ஸ்டூஜெரான் வகை மாத்திரைகள் தூக்கம் வரவைக்கும், பிரஷர், கண் அழுத்தம் போன்றவற்றுக்கு மருந்து சாப்பிடுபவர் கேட்காமல் போடக்கூடாது. பையனுக்கு எடைக்கேற்ற அளவு வேறு. முதல் தடவை படகில் வைத்துச் சோதிக்காதீர்கள், வீட்டில் ஒரு நாள் இரவு போட்டுப் பாருங்கள்.

வெறும் வயிறும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது. இரண்டு இட்லி அல்லது காய்ந்த பிஸ்கட், ஒரு வாழைப்பழம். பால், எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். படகில் கொடுக்கும் காலை உணவுப் பொட்டலத்தை முதல் திமிங்கிலம் பார்த்த பின் சாப்பிடலாம்.

இடம்: எல்லோரும் மேல் தளத்துக்கு ஓடுவார்கள். பார்வை நன்றாக இருக்கும், ஆனால் ஆட்டம் அங்கேதான் அதிகம். அம்மாவுக்குக் கீழ்த்தளத்தில், முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில், ஓரத்து இருக்கை. கடைசி வரிசையில் ஆட்டம் குறைவுதான், ஆனால் டீசல் புகை அங்கே சுற்றும், அதுவே குமட்டலைத் தூண்டும். கண் தொடுவானத்தில் இருக்க வேண்டும். போனைக் குனிந்து பார்க்கும் கணம்தான் பலருக்கும் ஆரம்பம். வாந்தி வந்தால் காற்று போகும் பக்கத்து விளிம்பு, கழிவறைக்குள் போகக்கூடாது. மூடிய அறையில் நிலைமை இரண்டு மடங்காகும்.

மூட்டு வலிக்கு ஆபத்தான இடம் கடல் அல்ல, ஏறும் இடம். படித்துறைக்கும் படகுக்கும் நடுவே அலைக்கேற்ப இடைவெளி கூடிக் குறையும், சில சமயம் ஒரு படகைத் தாண்டி அடுத்த படகுக்குப் போக வேண்டும். முந்திய மாலை துறைமுகத்துக்குப் போய் அந்தப் படகு கட்டும் இடத்தைப் பாருங்கள். படகு மேலே எழும் நேரத்தில் கால் வைக்க வேண்டும், இறங்கும் நேரத்தில் அல்ல. இரண்டு பேர், ஒருவர் படகில் ஒருவர் கரையில், முன்கையைப் பிடிக்கச் சொல்லுங்கள். விரலைப் பிடித்தால் வழுக்கும். பல படகுகளில் செருப்பைக் கழற்றி வைத்துவிடச் சொல்வார்கள், வெறுங்காலில் நனைந்த தளம் வழுக்கும் என்பதால் கைப்பிடியை விடக்கூடாது.

உயிர்காப்பு அங்கி பையனுக்குப் பெரியவர் அளவைக் கட்டிவிட்டால் தண்ணீரில் அது தலைக்கு மேலே நழுவும். சோதனை: அங்கியை மாட்டி வாரை இறுக்கிவிட்டு, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்குங்கள். காது வரை வந்தால் பெரிது. குழந்தை அளவு உண்டா என்று முந்திய நாளே கேட்டு வையுங்கள்.

கயிறு கட்டிய தொப்பி, முழுக்கைச் சட்டை, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். போனுக்குக் கழுத்துப் பட்டை.

---

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஏப்ரல் 18க்குப் பிறகு பையனுக்குப் பரீட்சை இருக்கிறது, அலுவலகத்திலும் விடுப்பு கிடைக்காது. மே மட்டும்தான் முடியும். அப்படியென்றால் இந்த வருடம் விட்டுவிட வேண்டியதுதானா? திருகோணமலையிலும் பார்க்கலாம் என்று எங்கோ படித்தேன்.

---

திருமலைக் கரை எழுதியது:

விடவேண்டாம், இங்கே வாங்கோ. மே மாதம் உங்களுக்கு மிரிஸ்ஸவை விட திருகோணமலைதான் பொருத்தம். தெற்கில் சோழகம் அடிக்கும்போது எங்கள் கிழக்குப் பக்கம் காற்று தரையிலிருந்து கடலுக்குப் போகும், கச்சான் என்போம். அதனால் கரையோரக் கடல் காலையில் தட்டையாகக் கிடக்கும். கச்சான் வெப்பக்காற்று, பகலில் வாட்டும், அதற்குத் தயாராக வாருங்கோ. மழைக்காலம் எங்களுக்கு நவம்பர், டிசம்பரில் வாடையோடுதான். கிழக்கில் திமிங்கிலம் மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை கிடைக்கும். தெற்கில் பார்த்த அதே கூட்டம் உணவைத் தேடிக் கிழக்கே வருகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். துறைமுக வாயிலிலிருந்தே ஆழமான கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று போவதால் இங்கேயும் திமிங்கிலம் கரைக்குக் கிட்ட வரும்.

வேறுபாட்டை மறைக்காமல் சொல்கிறேன். மிரிஸ்ஸவில் இரண்டு தளப் பெரிய படகு. இங்கே பெரும்பாலும் திறந்த கண்ணாடியிழைப் படகு, வெளியே மாட்டிய எஞ்சின், ஐந்தாறு பேர். கழிவறை கிடையாது, கூரையும் பல படகில் இல்லை. உப்புவெளி அல்லது நிலாவெளியில் மணலிலிருந்து நேரே ஏற வேண்டும். முழங்கால் அளவு தண்ணீரில் நின்று விளிம்பைத் தாண்டிக் காலைத் தூக்கிப் போட வேண்டும். மூட்டு வலிக்காரருக்கு இதுதான் கஷ்டம். சின்ன பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றைத் தண்ணீரில் வைத்துத் தரச் சொல்லுங்கோ, செய்வார்கள். இல்லாவிட்டால் அம்மா கரையில் இருக்கட்டும், கீழே சொல்கிற இன்னொரு வழி அவருக்குச் சரி. படகில் அம்மா போவதாயிருந்தால் முன்பக்கம் உட்காரவே கூடாது. சின்னப் படகில் அலை மோதும்போது முன்பக்கம் தூக்கிப்போடும், முதுகுக்கு ஆகாது. பின் மூன்றில் ஒரு பங்கில், எஞ்சினுக்கு முன் வரிசையில்.

காலை 5:30, 6 மணிக்கே கிளம்பிவிடுங்கோ, 9 மணிக்கு வெயில் தாங்காது. மேலே சகோதரர் சொன்ன 100 மீட்டர் விதி இங்கேயும் அதேதான். இங்கே சின்னப் படகுகள் என்பதால் ஒன்றைக் கண்டால் பத்தும் பாய்ந்து சூழ்ந்துவிடுகின்றன. தமிழில் பேசலாம் என்பது உங்களுக்குப் பெரிய வசதி. கிளம்பும் முன்பே படகுக்காரத் தம்பியிடம் சொல்லுங்கோ: "கூட்டம் கூடினா நாங்க விலகி நிப்பம், அவசரம் இல்ல." இதைக் கேட்டால் அவருக்கும் நிம்மதி. வாடிக்கையாளர் கோபிப்பார் என்ற பயத்தில்தான் பலர் விரட்டுகிறார்கள்.

கொழும்பிலிருந்து இரவு ரயில் உண்டு, ஏழெட்டு மணி நேரம். படுக்கை இடத்தை முன்பே பதியுங்கோ. மிரிஸ்ஸவையும் சேர்த்துச் செய்யலாமா என்று யோசிக்க வேண்டாம். தீவின் ஒரு நுனியிலிருந்து மறு பக்கம், ஒரு முழு நாள் தெருவில் போகும்.

நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவு, ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். பவளப் பாறையில் நின்று மிதித்துவிடாமல் மட்டும் பையனைப் பார்த்துக்கொள்ளுங்கோ. நுழைவுச் சீட்டு வனசீவராசிகள் திணைக்களத்தில் வாங்க வேண்டும்.

அம்மாவுக்கான வழி இது. கோணேசர் கோயில் சுவாமி மலை உச்சியில், கடலுக்கு நேர் மேலே செங்குத்தான பாறையில் இருக்கிறது. அங்கிருந்தே சில நாள் திமிங்கிலத்தின் ஊதல் தெரியும். காலையில் போனால் சூரியன் கண்ணுக்கு நேரே கடல் மேல் நிற்கும், பளபளப்பில் ஒன்றும் தெரியாது. பிற்பகல் நாலு மணிக்கு மேல் போங்கோ. வெயில் முதுகுப் பக்கம் வந்துவிடும், கடல் கருநீலமாக இருக்கும், அதில் வெள்ளை ஊதல் தனித்துத் தெரியும். 8x42 தொலைநோக்கி ஒன்று போதும். முதல் எண், அதாவது பெரிதாக்கும் மடங்கு, 10ஐத் தாண்டினால் கை நடுக்கம் படத்தை ஆட்டும். ஒரே இடத்தை உற்றுப் பார்க்காமல் தொடுவானத்துக்குக் கொஞ்சம் கீழே இடமிருந்து வலமாக மெதுவாகப் பார்த்துக்கொண்டே வாருங்கோ. ஊதல் ஒன்றைக் கண்டால் அதே இடத்தில் பார்வையை நிறுத்துங்கோ, இருபது விநாடிக்குள் அடுத்தது எழும்.